மண்வளையத்துக்குள் நீலத் துளிகள்

வெள்ளிக்கிழமை, காலை 7.20. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஜெறோம் மண்வளையத்துக்குள் எட்டிப் பார்த்தான். நடுவில், அவனோடு லொறிக் கம்பனியில் இரவு வேலை செய்யும் சிவநேசம் மல்லாந்து கிடந்தார். கைகள் நெஞ்சின்மேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. பின்மண்டை உடைந்திருந்தது.

மொன்றியல் துறைமுகத்தை ஒட்டி, கொள்கலன் முற்றத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது அந்த வளையம். ஆளுயர மண்கரை, அதன் உட்புறம் ஓர் அகழி, கிழக்கே ஒரே வாசல். இந்த நகரம் உண்டாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ கையால் அள்ளிக் கட்டியது என்றார்கள் தொல்லியல்காரர்கள். லொறிக் கம்பனியோ அதை மட்டமாக்கி இன்னும் நாலு வரிசை கொள்கலன் அடுக்கத் துடித்தது. சிவநேசம் தினமும் வேலை முடிந்ததும் உள்ளே போய், அகழியோரமாக வலம் வந்து கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். யார் கட்டினால் என்ன, கும்பிடக் கட்டியதுதானே என்பது அவர் கட்சி. வளையத்தை இடிக்கக்கூடாது என்று நகரசபையில் சாட்சி சொல்லவும் சம்மதித்திருந்தார்.

இடிக்காவிட்டால் கம்பனி வேறு ஊருக்குப் போய்விடும், பிழைப்பும் போய்விடும் என்பது ஜெறோமின் பயம். முந்தின நாள் கம்பனிச் சாப்பாட்டு அறையில் இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. "உந்த மண்ணுக்குள்ளயே உங்களைப் புதைப்பன்" என்று அவன் கத்தியதை அறை முழுவதும் கேட்டது. அவ்வளவு கோபத்திலும் 'உங்களை' என்றுதான் சொன்னான். அந்த மரியாதை வழக்குக்கு உதவவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். பத்து மணிக்கெல்லாம் கையில் விலங்கு ஏறிவிட்டது.

காலை 11.30. பொலிஸ் நிலையத்தில் அவன் மனைவி கௌசலா உட்கார்ந்திருந்தாள். திருகோணமலைக்காரி. அகதி விசாரணைகளில் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பவள். பிறர் வாயைப் பார்த்தே பொய்யைப் பிடித்துப் பழகிய கண்கள் இன்று எதையும் பிடிக்க முடியாமல் கலங்கியிருந்தன. இரண்டு மணிக்கு ஜெறோமை நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். கொலைக் குற்றம் உறுதியானால் அவனுடைய அகதி விண்ணப்பம் அதோடு சரி. அது 2007ஆம் ஆண்டுத் தொடக்கம். அவன் ஊரான மட்டக்களப்பில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அங்கேதான் அவனைத் திருப்பி அனுப்புவார்கள்.

விசாரணை அதிகாரி திரம்ப்லே அவளுக்கு முன்பே தெரிந்தவர். இரக்கப்பட்டு, வளையத்தில் எடுத்த படங்களைக் காட்டினார்.

"பனி கொட்டுவது விடிகாலை ஐந்து மணிக்குத்தான் நின்றது. இவை அதற்குப் பிறகு பதிந்த தடங்கள். வாசலிலிருந்து நடுவரைக்கும் அம்புலன்ஸ்காரர்கள் மிதித்துத் துவைத்துவிட்டார்கள். மிஞ்சியது அகழியோரத்து மூன்று சுற்றுத்தான். செத்தவரின் வழக்கமான நடை."

"அவருடைய சப்பாத்துத் தடமா?"

"கம்பனி எல்லோருக்கும் ஒரே சப்பாத்துத்தான் கொடுக்கிறது. அவர் சுற்றினார். உங்கள் கணவர் வந்தார். வேறு யாரும் உள்ளே போனதற்குத் தடயம் இல்லை."

"இந்த நீலத் துளிகள்?"

"லொறிக் கண்ணாடி கழுவும் திரவம். அந்த முற்றத்தில் எங்கே பார்த்தாலும் அதுதான்."

துளிகள் கால்தடங்களின் கூடவே போயின. இன்னொரு படத்தில், வாசலுக்கு அருகே, ஒரு பிளாஸ்டிக் கலன் கிடந்தது. அதன் வயிற்றில் மூன்று ஓட்டைகள். குப்பை என்றார் திரம்ப்லே.

கௌசலா முதல் படத்தைத் திருப்பிவைத்து, சப்பாத்தின் முனை காட்டிய பக்கமாக விரலை நகர்த்தினாள். மறுபடியும் நகர்த்தினாள்.

"இப்படி நடப்பவருக்கு வளையத்தின் நடு எந்தக் கைப்பக்கம் இருக்கும்?"

"இடக்கை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உயிர் வந்தது போலவும் போனது போலவும் இருந்தது.

"சிவநேசத்தின் மருமகன் வந்திருக்கிறாரா?"

பகல் 12.50. புவிதரன் உள்ளே வந்தான். சிவநேசத்தின் அக்காள் மகன். அதே முற்றத்தில் லொறி துடைப்பவன். விடிகாலையில் செயின்ட்-மிஷேல் பகுதியில் தன் அறையில் படுத்துக் கிடந்ததாகவும், பொலிஸ் அழைத்த பிறகே விஷயம் தெரிந்ததாகவும் வாக்குமூலம் கொடுத்திருந்தான்.

"தம்பி, மாமாவுக்குக் கொள்ளி ஆர் வைக்கிறது?"

"நான்தான் அக்கா. அவருக்குப் பிள்ளையள் இல்லையே. என்னைவிட்டா ஆர் இருக்கினம்?"

"ஒருக்கா குடம் உடைச்சவர் திரும்ப உடைக்கலாமோ?"

கௌசலா அதிகாரியின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் பேசினாள்.

"கும்பிடுகிறவர் நடுவை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவார். சிவநேசம் ஒரு நாளும் மாறிச் சுற்றியிருக்க மாட்டார். இடப்பக்கமாகச் சுற்றுவது பிணத்தை மட்டும். கொள்ளி வைப்பவர் தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று முறை சுற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை போடுவார்கள், தண்ணீர் ஒழுகும். கடைசியில் குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். குடத்துக்குப் பதில் அந்தக் கலன்; தண்ணீருக்குப் பதில், இந்தக் குளிரில் லொறிக்குள் உறையாமல் இருக்கும் இந்த நீலத் திரவம். என் கணவர் கத்தோலிக்கர். அவருக்கு இந்தச் சடங்கும் தெரியாது, உரிமையும் இல்லை. இந்த நாட்டில் அந்த உரிமை உள்ளவர் ஒரே ஒருவர்."

திரம்ப்லே புவிதரனைப் பார்த்தார். அவன் நாற்காலியில் சரிந்துவிட்டான்.

"வேணுமெண்டு செய்யேல்லை அக்கா," என்றான். "லைசென்ஸ் இல்லை எனக்கு. பனிக்குள்ள லொறியைப் பின்னால எடுத்தன். மாமா பின்னால நிண்டது தெரியேல்லை. இறங்கிப் பாக்கக்குள்ள மூச்சு இல்லை. என்ர அகதிக் கேசும் முடியேல்லை, பிடிச்சா அனுப்பிப்போடுவினம். அந்தப் பயத்தில அவர் கும்பிடுற இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்க் கிடத்தினன். தானா விழுந்தார் எண்டு நினைப்பினம் எண்டு பாத்தன். ஜெறோம் அண்ணையைப் பிடிப்பினம் எண்டு சத்தியமாத் தெரியாது."

"பிடிச்ச பிறகு தெரியும்தானே? ஏன் வாய் திறக்கேல்லை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கௌசலா அதைப் பிரெஞ்சில் சொன்னதும், திரம்ப்லே லொறியின் பின்பக்கத்தைச் சோதிக்க ஆள் அனுப்பினார். நீதிமன்றத்துக்கும் தொலைபேசி எடுத்தார். ஜெறோமை விடுவிக்கப்போகிறார்கள். கௌசலாவுக்கு ஓவென்று அழவேண்டும் போல இருந்தது, ஆனால் வெட்கம்தான் முன்னால் வந்து நின்றது. தன் புருஷனைக் காப்பாற்ற இந்தப் பொடியனை அதே ஷெல்லுக்குள் தள்ளிவிட்டோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அதுவும் அவன் செய்த ஒரே நல்ல காரியத்தைப் பிடித்து.

பொலிஸ்காரர் வந்து அவனை எழுப்பினார். வாசல்வரை போனவன் நின்றான்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டா? சுத்தாமல் விட்டிட்டு ஓடியிருந்தா தப்பியிருப்பனோ?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஓம் தம்பி. தப்பியிருப்பாய்."

"இனி ஜெயிலுக்கையிருந்து எப்படிக் கொள்ளி வைக்கிறது. நல்ல காலம், அப்பவே செய்திட்டன்," என்று சொல்லிவிட்டுப் பொலிஸ்காரரோடு போனான்.