பிணையும் தூதும்

மேல்வானத்துச் செம்மை பொருநை நதியின் நீர்ப்பரப்பில் மெல்லக் கரைந்துகொண்டிருந்த அந்தி வேளையில், வெண்கரைக் கோட்டையின் ஆற்றோர மண்டபத்தை நோக்கி விரைந்த படைத்தலைவன் கண்டன் அமுதனின் நெஞ்சில் மட்டும் அச்செம்மை தணலாகக் கனன்றது. காரணம் கேட்கிறீர்களா, வாசகர்களே? மண்டபத்திலிருந்து மிதந்து வந்த அரசி அரிஞ்சிகையின் சிரிப்பொலிதான். இளம் வயதில் அரியணை ஏறிய அந்நங்கையைப் போர்க்களங்களில் உயிரைக் கொடுத்துக் காத்தவன் அவன். மனத்தைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் துணியாதவனும் அவனே. அவளைச் சிரிக்க வைத்தவனோ, பகைவனான மலைநாட்டு வேந்தன் சமாதானம் பேச அனுப்பியிருந்த விடங்கன்!

"தூது என்னும் சொல் எங்கிருந்து வந்தது, தூதரே?" என்று அரசி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வடமொழியிலிருந்து வந்தது, தேவி. தொலைவைக் குறிக்கும் சொல்லுக்கு அது உறவென்று எங்கள் புலவர்கள் சொல்வார்கள். தமிழோ அதற்கு இரண்டு வேலை கொடுத்துவிட்டது. வேந்தர்க்கு வேந்தர் அனுப்புவதும் தூது. காதலுற்றவர் முகிலையும் அன்னத்தையும் அனுப்புவதும் தூது."

"நீர் வந்திருப்பது எந்தத் தூது?"

கண்டனின் குரலோடு அவன் வாளும் பாதி வெளியே வந்திருந்தது. விடங்கன் அசையவில்லை.

"என் அரசர் அனுப்பியது முதலாவது. மற்றதற்கு நான் இன்னும் அனுமதி கேட்கவில்லை."

'இன்னும்' என்ற அந்த ஒரு சொல் கண்டனைச் சுட்டது.

"வாளை உறையில் இடும், கண்டரே!" என்றாள் அரசி. "இவருக்கு ஏதேனும் நேர்ந்தால் நாளையே போர் மூளும். உடன்படிக்கைக்கு நான் இசைந்துவிட்டேன். என் ஓலையோடு மலைநாட்டுக்குத் தூது செல்லப் போகிறவர் நீர். நீர் திரும்பும்வரை விடங்கர் இங்கே பிணையாக இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமிக்குள் நீர் வராவிட்டால், வழக்கப்படி அவர் தலை போகும்."

"என்னைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டு, இவரை அருகில் வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, தேவி?"

சொன்ன பிறகே, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. விடங்கன் நாகரிகமாக நதியின் பக்கம் திரும்பிக்கொண்டான். அரிஞ்சிகையின் குரல் தாழ்ந்தது.

"எத்தனை காலமாக உம் வாயிலிருந்து ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன்! அது பொறாமையாகத்தானா வரவேண்டும்?"

கண்டன் தலைகுனிந்தான். வழியில் சற்றே தாமதித்தால் போதும், விடங்கன் இருக்கமாட்டான். அந்த நினைப்பு பாம்பைப்போலத் தலைதூக்கியது. அரசி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

வாளைக் கழற்றி அவள் காலடியில் வைத்தான்.

"பொருநையின்மேல் ஆணை, தேவி! குதிரை விழுந்தால் நடந்து வருவேன். கால் ஒடிந்தால் தவழ்ந்து வருவேன். பௌர்ணமிக்கு முன் வந்து இவர் தலையை நானே மீட்பேன்." பிறகு விடங்கனிடம், "அதன்பின் நாம் பேசிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு, ஐயா" என்றான்.

"விரைந்து வாரும்," என்று புன்னகைத்தான் விடங்கன். "ஆனாலும் இங்கே எனக்குப் பொழுது நன்றாகவே போகும்."

விடியலில் படகு கரையை விட்டு நகர்ந்தபோது, துறையில் அரசியும் விடங்கனும் நின்றிருந்தார்கள். கண்டன் கைகூப்பியது அரசியை நோக்கி. அவன் கண்கள் நின்றதோ மற்றவன்மேல்.