நிரம்பாத குழி

மூன்றாவது வாளி பிளாஸ்டரும் உள்ளே போய்விட்டது, குழி நிரம்பவில்லை.

தங்கை துளையின் மேல் குனிந்து பார்த்தாள். அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில், மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது அந்தச் சாம்பல்மண் கட்டி. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த யாரோ ஒருவர் உள்ளே மக்கிப்போய், தன் உருவத்தின் அளவுக்கு ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றிருந்தார். அதை பிளாஸ்டரால் நிரப்பி, காய்ந்ததும் மண்ணை உதிர்த்தால் ஆள் அப்படியே கிடைப்பார். ஊற்றுவதற்கு முன் சின்னக் கேமராவை இறக்கி உள்ளே பார்க்க வேண்டும். இன்று அவள் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம்.

பின்னே, இருக்காதா? வெயிலில் மண்ணோடு மல்லுக்கட்டி இதைக் கண்டெடுத்தவள் அவள். நாளைய திறப்புவிழாப் பலகையில் இருப்பதோ துறைத் தலைவியின் பெயர் மட்டும். அந்தத் தலைவி கூடப்பிறந்த அக்கா வேறு. காலையில்தான் அந்தப் பலகையைப் பார்த்திருந்தாள்.

நான்காவது வாளியைக் கவிழ்த்தாள். உள்ளே மடக் மடக்கென்று சத்தம். காற்றுக்குமிழியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஈரச் சாம்பலின் நெடிக்கு அடியில், தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வருகிற வாடை மெல்லக் கிளம்பியது. பிறகு சத்தம் நின்றது. பிளாஸ்டர் துளையின் விளிம்புக்கு ஏறி வந்தது.

படியில் செருப்புச் சத்தம். அக்கா.

"இன்னுமா முடியலை?"

"உன் பேருதானே போட்டிருக்கு? நீயே வந்து முடி."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? பலகையில இடமில்லடி."

"உன் பேருக்கு மட்டும் இருந்துச்சாக்கும்."

அக்கா சட்டைக் கையைச் சுருட்டினாள். "கேமராவுல பாத்துட்டேல்ல?"

இவளிடம் தப்பை ஒப்புக்கொள்வதா?

"ம்."

அக்கா துளைக்குள் விரலை விட்டாள். பிறகு கையை. "சூடா இருக்கே."

"இறுகுறப்போ சூடாகும்."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றவள் அப்படியே நின்றாள். முகம் மாறியது. "கை வரலை."

"விளையாடாதே அக்கா."

"இழுக்குதுடி!"

மணிக்கட்டு. முழங்கை. அக்காவின் கன்னம் மண்கட்டியில் மோதியது. தங்கை அவள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். அசையவில்லை. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுத்தியலை எடுத்தாள்.

"உடைடி! உடை!"

ஓர் அடி. இன்னோர் அடி. பக்கவாட்டில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

ஈரம். வெள்ளை. அதற்குள் அக்காவின் கை.

அதைப் பிடித்திருந்தது இன்னொரு கை அல்ல.

ஒரு வாய். கடைவாயில் பிளாஸ்டர் வழிந்துகொண்டிருந்தது. பற்கள் இன்னும் அழுந்தவில்லை. வெறுமனே பிடித்துவைத்திருந்தன. மேலே, வெள்ளைக் குழம்பை விலக்கிக்கொண்டு இரண்டு கண்கள் திறந்தன. அவை அக்காவைப் பார்க்கவில்லை. ஊற்றியவளையே பார்த்தன, அப்படியொரு கோபத்தோடு. பார்வையை எடுக்காமலே, தாடை மெல்ல மூட ஆரம்பித்தது.