பட்டியலில் இல்லாத சொல்

மதியச் சாப்பாடு முடிந்து, ஈரக் கையை உடுப்பிலேயே துடைத்துக்கொண்டு அவள் அறைக்குத் திரும்பியபோது, வெறுமையாக விட்டுப்போன திரையில் ஒரு வரி இருந்தது.

வெளித்தோற்றம்: பெண். வயது சுமார் முப்பத்தெட்டு.

அவள் எதுவும் பேசியிருக்கவில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை க்ளிக் என்றது, குளிர்சாதனப்பெட்டி முனகி முனகி அடங்கியது, பூட்டிய ஜன்னலின் திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாகக் கசிந்து, மேசையையும் மைக்கையும் நீர் வற்றிய டம்ளரையும் ஒரே நிறமாக்கியிருந்தது.

டாக்டர்கள் வாயால் சொல்லச் சொல்ல அறிக்கையாக எழுதித் தரும் மென்பொருள் அது. அதற்குச் சொல் சேர்ப்பது அவள் பிழைப்பு. இதயத்துக்கு ஒரு பட்டியல், எலும்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. பட்டியலில் உள்ள சொல்லை மட்டுமே அதற்கு எழுதத் தெரியும். இல்லாத சொல் வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடும். புதிதாக ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமானால் அதை மைக்கில் மூன்று முறை தெளிவாகச் சொல்ல வேண்டும். நீக்குவதற்கு ஒரு பொத்தான் போதும்.

பிரேதப் பரிசோதனைக்கான பட்டியலை அலுவலகத்தில் யாரும் தொட மாட்டேன் என்றார்கள். அகராதி அண்ணன் என்று எல்லோரும் கூப்பிடும் மேலாளர் அதைக் கொண்டுவந்து இவள் தலையில் கட்டினார். "உங்களுக்குத்தான்மா இது சரியா வரும். நீங்க பதற மாட்டீங்க" என்றார்.

உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு கடைக்குப் போன கணவன் வெள்ளைத் துணிப் பொட்டலமாகத் திரும்பி வந்த நாளிலிருந்து அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது. அன்றும் அழவில்லை, பிறகும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று உறவுக்காரர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். மண்ணீரல், கல்லீரல், எடை, நிறம் என்று நாள் முழுக்க வாசித்துவிட்டு உடனே அவளால் சோறு பிசைய முடிந்தது. காலையில் எழுந்திருக்க அவளுக்கு இருந்தது ஒரே காரணம், ஒன்பது வயது மகள். நாலு மணிக்குப் பள்ளி வேன் வரும். அந்த நேரம் நெருங்கும்போது மட்டும் நெஞ்சில் ஏதோ ஒன்று லேசாக அசையும்.

இரண்டாவது வரி வந்தது.

வலது முன்கையில் பழைய சூட்டுத் தழும்பு. கழுத்தின் இடப்பக்கம் மச்சம்.

இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அவள் முழுக்கைச் சட்டைக்குள் இருந்தது. அவள் அகராதி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நான் பேசாமலே அது எழுதுது."

"ஃபேன் சத்தத்தைப் பேச்சுன்னு நெனச்சிருக்கும்மா. மைக்கைக் கழட்டி விடுங்க, வாயை மூடிக்கும்."

"எழுதறது என்னைப் பத்தி, அண்ணா."

அவர் சிரித்தார். "நாள் முழுக்க அதோடயே உக்காந்திருந்தா அப்படித்தான் தோணும். எந்தச் சொல்லு தேவையில்லாம வருதோ அதைப் பட்டியல்லேர்ந்து தூக்குங்க. அப்புறம் எப்படி எழுதும், பாப்போம்."

மைக்கைக் கழற்றினாள். அறுத்தெடுத்த வால் போல ஒயர் மேசையில் கிடந்தது. திரையில் எழுத்து நிற்கவில்லை. உதடு நீலம், நகக்கண் நீலம் என்று பழகிய டாக்டரின் நிதானத்தோடு, எந்த அவசரமும் இல்லாமல், தலையிலிருந்து மார்புக்கு இறங்கியது. எங்கிருந்தோ மெல்லிய மருந்து நெடி வந்தது. தரை கழுவும் திரவமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள், இன்று தரை கழுவவில்லை என்று தெரிந்தும்.

தழும்பு. நீக்கு. மச்சம். நீக்கு.

அறிக்கையில் அந்த இரண்டு இடங்களிலும் கோடு விழுந்தது. அவள் மூச்சு விட்டாள். அண்ணன் சொன்னது சரி, சொல் இல்லாவிட்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கொஞ்ச நேரம் எழுத்துக்குறி அப்படியே கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு:

அருகில் இரண்டாவது உடல். பெண் குழந்தை. வயது ஒன்பது. முதல் உடலின் மகள்.

இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது. மணி மூன்றேகால். பள்ளிக்குப் போன் அடித்தாள்; பிள்ளை வகுப்பில் பத்திரமாக இருக்கிறாள், பாட்டு வகுப்பு நடக்கிறது என்றார்கள். திரும்பிப் பார்த்தால் திரையில் அடுத்த வரி. பள்ளிச் சீருடை. இரட்டைச் சடை. வலது கால் செருப்பு

அதற்கு மேல் எழுத விடக்கூடாது.

மகள். நீக்கு. குழந்தை. நீக்கு.

ஒரு சொல்லை எடுத்தால் அதன் பக்கத்துச் சொல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். அதனால் ஒன்றையும் விடவில்லை. சிறுமி, பிள்ளை, பாப்பா. கடைசியில், என்றோ மைக்கைச் சோதிக்க அவளே மூன்று முறை சொல்லிச் சேர்த்திருந்த செல்லப்பெயர், குட்டிம்மா. உறுதியாக நீக்கவா என்று கேட்டது. ஆம்.

எழுத்து நின்றது.

அறிக்கையின் பாதியில் வரிசையாகக் கோடுகள். மருந்து நெடி போய்விட்டது. மின்விசிறியின் க்ளிக் மறுபடி கேட்டது. ஜெயித்துவிட்டாள். முகம் கழுவச் சமையலறைக்குப் போய், சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டினாள்.

முன்கை வழுவழுவென்று இருந்தது.

தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இங்கே ஏதோ இருந்ததே. சுட்ட நாளின் வலி நினைவிருந்தது, இஸ்திரிப் பெட்டியின் வாசனை நினைவிருந்தது, அது விட்டுப்போனதற்கு என்ன பெயர் என்றுதான் வரவில்லை. எஃகுக் குழாயின் பளபளப்பில் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். அங்கேயும் வெறும் தோல்.

அடுத்து என்ன நீக்கினோம்?

அறைக்கு ஓடினாள். மைக்கைச் செருகினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் திறந்தது. புதிய சொல்லை மூன்று முறை சொல்லவும். அவள் வாயைத் திறந்தாள்.

வரவில்லை.

நாக்கு அசைந்தது. சொல் இல்லை. மறுபடி முயன்றாள். மறுபடி. மென்பொருள் ஒரு கோடு போட்டது. இன்னொரு கோடு. எதைத் தேடுகிறோம் என்பதே பிடி நழுவியது. பயந்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. பிறகு பயமும் இல்லை. பழைய மரப்பு வந்து, கால் மேல் கம்பளியை இழுத்துவிட்டாற்போல, எல்லாவற்றையும் மூடியது.

சுவரில் கலர் பென்சில் கிறுக்கல்கள். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவார், துடைக்க வேண்டும் என்று நினைத்தாள்.

நாலு மணிக்கு ஒரு வேன் தெருவில் வந்தது. நிற்காமல் போனது.

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. ரொம்பத் தாழ்வாக, அவள் இடுப்புக்கும் கீழே. அவள் கதவின் பார்வைத் துளை வழியாகப் பார்த்தாள். படிக்கட்டு. எதிர்வீட்டுக் கதவு. ஆள் இல்லை.

"அம்மா, கதவத் திற."

திறந்தாள். மிதியடி மேல் வெயில் கிடந்தது.

"வேன்ல என்னை ஏத்தலம்மா. டீச்சரும் பாக்கல. நான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன், யாருமே திரும்பல. நடந்தே வந்தேன். கால் வலிக்குதும்மா."

குரல் கீழேயிருந்து வந்தது. அழுது ஓய்ந்த குரல். அவள் வலப்புறம் பார்த்தாள், இடப்புறம் பார்த்தாள். விற்பனைக்கு வருகிறவர்களிடம் பேசும் குரலில் கேட்டாள்.

"யாரு?"

அவள் சட்டையின் ஓரம், ஒரு சின்னக் கைப்பிடி அளவுக்குக் கசங்கி, கீழே இழுபட்டது. விடவே இல்லை.