அடுப்புக் கடிகாரம் சொன்ன நேரம்

ஞாயிறு, மாலை 5.20.

பேராசிரியர் விட்கோம் தன் அறைக் கதவைத் திறந்தார். மேசையைப் பார்த்தார். மறுநொடி விடுதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

மேசை மேல் இருந்த பழுப்பு உறையைக் காணவில்லை. அதற்குள் இருந்தது மறுநாள் காலைத் தேர்வின் கேள்வித்தாள். உறையின் வாயை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். கல்லூரியின் வியன்னா அலுவலகத்திலேயே பூட்டி வைத்திருக்கலாம். ஆனால் அங்குள்ள ஊழியர்கள் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். அதனால், அந்தத் தேர்வை எழுதப்போகும் ஆறு மாணவர்களோடு சுற்றுலா வரும்போது அதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இவ்வளவு அறிவுள்ளவர்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்.

இந்த மாதிரிக் கூட்டம் எங்கள் ஓபர்லிண்டன் ஏரிக்கரைக்கு வாராவாரம் வரும். ஒரு பருவம் படிப்பதற்கென்று அமெரிக்காவிலிருந்து வியன்னாவுக்கு வருவார்கள். வெள்ளி மாலை ரயிலேறி வந்து, இருநூறு படம் எடுத்து, ஞாயிறு மாலை ரயிலேறி, ஆஸ்திரியாவை முடித்துவிட்டோம் என்பார்கள். ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள். படம் அப்படித்தானே எடுக்க முடியும்.

5.34. பேராசிரியர் அமெரிக்காவில் உள்ள கல்லூரிக்குக் கைப்பேசியில் கடிதம் அனுப்பினார். கேள்வித்தாளைத் திருடியது யெசேனியா ஒர்தூன்யா என்ற மாணவி, அவளைச் செவ்வாய்க்கிழமை விமானத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும், உதவித்தொகையையும் நிறுத்த வேண்டும் என்று எழுதினார். அவரிடம் இருந்த ஆதாரம் இரண்டு. வயிற்றுக் கோளாறால் அவள் மட்டும் மதியம் விடுதியில் தங்கினாள். மதிப்பெண் குறைந்தால் உதவித்தொகை போய்விடும் என்ற நிலையில் இருப்பவளும் அவள்தான். போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைவு அதற்குப் பிறகுதான் அவருக்கு வந்தது.

5.45. இன்ஸ்பெக்டர் நோட்புர்கா ஹாஸ்லிங்கர் வந்து சேர்ந்தாள். அன்று அவளுக்கு விடுமுறை. பாதி தின்ற கேக்கை விட்டுவிட்டு வந்த கடுப்பு முகத்தில் தெரிந்தது.

"உறையைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"ரெண்டரைக்கு. அறையைப் பூட்டி, சாவியைக் கீழ பலகையில மாட்டிட்டுப் போனேன். அதுதான் இந்த வீட்டு வழக்கம்னு சொன்னாங்க, மேடம்."

"சாவியைத்தான் மாட்டிட்டுப் போகச் சொன்னாங்க. மூளையையும் சேத்து மாட்டச் சொன்னாங்களா?"

பேராசிரியர் சிவந்து போனார். "திருடி யாருன்னு நான் கண்டுபிடிச்சாச்சு. நீங்க எழுதிக்கிட்டாப் போதும்."

"எழுதறதுக்கு முன்னாடி யோசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு."

மதியம் இரண்டரை முதல் ஐந்து வரை மாணவர்களுக்கு அவரவர் இஷ்டம். ஐந்து பேரும் விடுதிப் பக்கமே வரவில்லை என்று சாதித்தார்கள். கெண்டல் என்ற பெண் ஏரியில் எடுத்த நாற்பத்து மூன்று படங்களைக் காட்டினாள். எல்லாவற்றிலும் அவள் முகம்தான் இருந்தது, ஏரியைத் தேட வேண்டியிருந்தது. மூன்று பேர் ஒரே படகில் போயிருந்தார்கள். ஐந்தாமவன் புரூக்ஸ் ஹாட்லி. அவன் அப்பா கல்லூரியின் அறங்காவலர்களில் ஒருவர். மாடு மென்று துப்பியது போன்ற சட்டையோடு சோபாவில் சாய்ந்து கிடந்தான்.

"நீ எங்க இருந்தே?"

"மலைப் பாதையில. தனியா. பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"ஒரு பசு பாத்துச்சு. வேணும்னா அதைக் கேளுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தியின் படிப்பு பறிபோகப் போகிற நேரத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

5.55. நோட்புர்கா மாடிக்குப் போனாள். நடையில் ஏதோ பொசுங்கிய வாடை.

"கீழ கேக் கருகியிருக்கும்" என்றார் பேராசிரியர்.

பின்னால் வந்த விடுதிக்காரி கிரெஸன்ஸ் வால்னருக்குச் சுருக்கென்று வந்தது. "நாப்பது வருஷத்துல நான் ஒரு கேக்கும் கருக்கினதில்ல. இன்னிக்கு அடுப்பே மூட்டல. மூணு மணிக்குத் தங்கச்சி வீட்டுக்குக் காபி குடிக்கப் போனவ, அஞ்சே காலுக்குத்தான் வந்தேன்."

"பின்கதவு?"

"அது என்னிக்குடி பூட்டியிருக்கு? நீ சின்ன வயசுல அது வழியாத்தானே வந்து ஜாம் திருடுவே."

நோட்புர்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. "இந்தக் கூட்டம் எப்படி?"

கிரெஸன்ஸ் இதற்காகவே காத்திருந்தவள் போலப் பொரிந்து தள்ளினாள். "ஒருத்தன் தண்ணிக்கு ஐஸ் எங்கன்னு கேக்கறான். ஒருத்தி ஞாயித்துக்கிழமை ஏன் கடை மூடியிருக்குன்னு என்கிட்ட சண்டைக்கு வர்றா. இந்த ஹாட்லி வேளைக்கு ஒரு சட்டை. வெள்ளிக்கிழமை வந்தப்ப மடிப்புல ரொட்டி வெட்டலாம், அப்படி இருந்துச்சு. பை கனக்குதுன்னு அவனோட செங்கல்லை வியன்னாவுலயே விட்டுட்டு வந்தானாம், அந்தப் படம் பிடிக்கிற பொண்ணு கேலி பண்ணிச்சு. பயணத்துக்குச் செங்கல் கொண்டு போற ஜாதியை நான் பாத்ததில்ல. இன்னொருத்தன் உருளைக்கிழங்குல முடி இருக்குன்னான். அது சதகுப்பைக் கீரை."

6.05. சமையலறை. யெசேனியா மேசையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆறிப்போன சாமந்தித் தேநீர். அழுது முடித்த முகம்.

"மதியம் பூரா இங்கயேவா இருந்தே?"

"ஆமாம் மேடம். வெந்நீர் வெச்சுக் குடிச்சுக்கிட்டே படிச்சேன். ஒரு அஞ்சு தடவை வெச்சிருப்பேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கரண்ட் போச்சு. படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற பெட்டியில மெயின் ட்ரிப் ஆகியிருந்துச்சு. தூக்கி விட்டேன்."

"மேல சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"கேட்டுது. கிரெஸன்ஸ் அம்மான்னு நினைச்சேன்."

"எல்லாம் கட்டுக்கதை" என்றார் வாசலில் நின்ற பேராசிரியர். "இவளைத் தவிர வீட்டுல யாருமே இல்ல."

நோட்புர்கா அடுப்பைப் பார்த்தாள். அதன் கடிகாரம் 2.13 என்று காட்டிக்கொண்டிருந்தது. தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள்.

"கிரெஸன்ஸ், உன் அடுப்புக்கு என்ன ஆச்சு?"

"சனியன். கரண்ட் போய் வந்தா பூஜ்யத்துலேருந்து ஓட ஆரம்பிச்சுடும். காலையில சரியா இருந்துச்சே."

நோட்புர்கா தோட்டத்துக் குப்பைத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். காய்கறிக் கழிவு, காகிதம், கண்ணாடி என்று எங்கள் ஊரில் ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி உண்டு. மாற்றிப் போட எங்கள் ஆட்களுக்குக் கை வராது. காய்கறித் தொட்டிக்குள் கையை விட்டவள் அங்கேயே ஒரு முறை சிரித்துக்கொண்டாள்.

6.30. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில். 7.52 ரயிலுக்கு மூட்டைகள் தயார்.

"இப்போ ஆறரை. அடுப்புக் கடிகாரத்துல ரெண்டு முப்பத்தெட்டு" என்று ஆரம்பித்தாள் நோட்புர்கா. "அப்போ கரண்ட் திரும்ப வந்தது மூணு அம்பத்திரெண்டுக்கு. இந்தப் பொண்ணு சொன்னது அப்படியே உண்மை. வெந்நீர்க் கெட்டில் அஞ்சு தடவை ஓடியும் ட்ரிப் ஆகாத வீடு, மூணே முக்காலுக்கு மேல ஏன் ட்ரிப் ஆச்சு? மாடியில யாரோ எதையோ சொருகியிருக்காங்க. அதுதான் அந்தப் பொசுங்கல் வாடை."

"இவளே மாடிக்குப் போயிருக்கலாமே" என்றார் பேராசிரியர்.

"எதுக்கு? ஒட்டின உறையைத் தடம் தெரியாமப் பிரிக்க ஆவி வேணும். இவ கையிலயே கெட்டில் கொதிக்குது. இவ திருடியா இருந்தா அங்கயே உக்காந்து பிரிச்சு, படம் எடுத்து, திருப்பி ஒட்டி, உங்க மேசையிலயே வெச்சிருப்பா. உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. சமையலறையில ஆள் இருக்குன்னு உள்ள வர முடியாதவனுக்குத்தான் சொந்த ஆவி தேவைப்பட்டுது."

அவள் சோபா பக்கம் திரும்பினாள். "தம்பி, வெள்ளிக்கிழமை வந்தப்ப உன் சட்டை மடிப்புல ரொட்டி வெட்டலாமாம். இன்னிக்கு ஏன் இந்தக் கோலம்?"

புரூக்ஸ் தோளைக் குலுக்கினான். "ஏரியில நனைஞ்சுட்டுது. மாத்திக்கிட்டேன்."

"மலைப் பாதையில தூங்கினவன் ஏரியில எப்படி நனைஞ்சே?"

புரூக்ஸ் கசங்கிய சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"கெண்டல், அந்தச் செங்கல்னு சொன்னியே, அது என்ன?"

கெண்டல் முதல் முறையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தாள். "டிரான்ஸ்ஃபார்மர். ஆவியில சட்டைச் சுருக்கம் எடுக்கற ஸ்டீமரை ஊர்லேருந்து கொண்டு வந்தான். இங்க அது இல்லாம ஓடாது."

"ஓடாது. அங்க நூத்திப் பத்து வோல்ட், இங்க இருநூத்து முப்பது. ரெண்டு மாசமா இந்த நாட்டுல இருக்கான், அந்தச் செங்கல் எதுக்குன்னு புரியல. சுவர்ல பொருந்தற ஒரு பின்னை மாட்டினா முடிஞ்சுதுன்னு நினைச்சிருக்கான். உலகம் பூரா இவங்க வீட்டுச் சுவர்னு நினைப்பு." அவள் கருகிய ஸ்டீமரைத் தன் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள். ஆப்பிள் தோல் ஒன்று இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "கிரெஸன்ஸோட காய்கறித் தொட்டியில கிடந்துது. இந்த ஊர்க்காரன் பிணத்தைக்கூட அதுல போட மாட்டான். ஒட்டின இடம் கருகிப் போச்சு, உறையைத் திருப்பி வைக்க முடியல, தூக்கிட்டு ஓடிட்டே. பையைத் திற."

"எங்க அப்பாகிட்ட பேசணும்."

"பேசு. அதுக்கு முன்னாடி பையைத் திற."

உறை இரண்டு கால்சட்டைகளுக்கு நடுவே இருந்தது. ஓரம் கருகி, ஆனால் பிரிக்கப்படாமல் இருந்தது. ஒன்பது வாரத்தில் ஒன்பது ஊர் சுற்றி, வகுப்புக்கு நான்கே நாள் போனவனுக்கு, திருடிய உறையைக் கிழித்துப் பார்க்கும் தைரியம்கூட இல்லை.

பேராசிரியர் அதை வாங்கிப் பிரித்தார். நோட்புர்கா எட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு கேள்வி: 'ஐரோப்பாவில் வாழ்ந்து நீங்கள் கற்றுக்கொண்டது என்ன? ஒரு பக்கம் எழுதுக.' கீழே பேராசிரியர் தனக்காக எழுதி வைத்த குறிப்பு: எழுதிய எல்லாருக்கும் முழு மதிப்பெண்.

"இதுக்கா பூட்டு, கையெழுத்து எல்லாம்?" என்றாள் நோட்புர்கா.

பேராசிரியர் கனைத்தார். "ஒரு சின்னக் குழப்பம். பசங்கதானே. இத்தோட விட்டுடலாம், ரயிலுக்கு நேரமாச்சு."

"இவன் இந்த ரயில்ல வரல. என்கூடப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வர்றான். நீங்க உக்காருங்க. அஞ்சு முப்பத்திநாலுக்கு ஒரு கடிதம் அனுப்பினீங்களே, இப்போ இன்னொண்ணு எழுதுங்க."

"திங்கட்கிழமை அலுவலகத்துல போய் நிதானமா..."

"அதை எழுதறப்ப நிதானம் பாத்தீங்களா?"

அவர் எழுதினார். நோட்புர்கா கைப்பேசியை வாங்கி யெசேனியாவிடம் நீட்டினாள். "படிச்சுப் பாரும்மா. உனக்குச் சரின்னு பட்டாத்தான் போகும்."

யெசேனியா மெதுவாகப் படித்தாள். பிறகு பேராசிரியரை நேராகப் பார்த்தாள். "தவறான புரிதல்னு எழுதியிருக்கீங்க சார். எதையும் புரிஞ்சுக்க நீங்க முயற்சியே பண்ணல. ஆதாரம் இல்லாம என் மேல திருட்டுப் பட்டம் கட்டினீங்க. அதை அப்படியே எழுதுங்க."

பேராசிரியர் நோட்புர்காவைப் பார்த்தார். நோட்புர்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் அந்த வரியை அழித்து, அவள் சொன்னதையே எழுதி அனுப்பினார்.

7.40. புரூக்ஸைத் தவிர மற்றக் கூட்டம் ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தது. யெசேனியா கடைசியாகக் கிளம்பினாள். கிரெஸன்ஸ் அவள் பைக்குள் ஒரு பொட்டலம் சாமந்தியைத் திணித்தாள்.

"நாளைக்கு அந்தக் கேள்வியே வந்தா என்ன எழுதுவே?" என்று நோட்புர்கா கேட்டாள்.

யெசேனியா முன்னால் போகிறவர்களைப் பார்த்தாள். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று கெண்டல் கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பக்கம் போதாது மேடம்" என்றாள்.