பாதியில் விட்ட மரம்

நாங்கள் காட்டுக் குடிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மூட்டையை இறக்கியதும் இறக்காததுமாக அத்தான் மரம் பார்க்கக் கிளம்பிவிட்டார். அக்கா நிறைமாசம். பிரசவத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரை முழுசாக அக்காவிடம் சேர்க்க வேண்டுமே என்று எனக்கு ஒரே கவலை.

சூயிங்கத்துக்குப் பால் தருவது காட்டுச் சப்போட்டா மரம். பட்டையை அரிவாளால் கீறிக்கொண்டே மேலே ஏறினால், அடியில் கட்டிய பையில் பால் வடியும். அத்தான் பிடித்த மரத்தில் பழைய கீறல்கள் பாதி உயரத்தோடு நின்றுபோயிருந்தன. அடியில் கனிந்த பழங்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றைக்கூட அணில் தொட்டிருக்கவில்லை.

"வேற மரம் பாக்கலாமே அத்தான்."

"எவனோ பாதியில விட்டுட்டுப் போயிருக்கான். மேல பால் அப்படியே இருக்கும் மாப்ளே. சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்."

மேல்கிளையில் போட்ட கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பில், மறு நுனி என் கையில். இறங்க நினைத்தால் அவர் மரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கயிற்றைத் தளர்த்துவேன். பதில் வராமல் எவனும் இறங்க மாட்டான். எங்கள் தொழிலில் அதுதான் உயிர்.

அவர் இலைகளுக்குள் மறைந்தார். பழவாசனை குமட்டியது. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

டக், டக்.

அதற்குள்ளா? என்றாலும் கை பழக்கத்தில் பதில் தட்டிவிட்டது. கயிற்றைத் தளர்த்தினேன்.

மேலே ஓர் அலறல். கிளைகள் முறிந்தன. அத்தான் என் காலடியில் வந்து விழுந்தார்.

இடுப்பில் கயிறு இல்லை. கிளையைத் தாண்டுவதற்காக முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் பிடித்திருந்தாராம்.

"ஏன்டா தளத்துன?"

"நீங்கதானே தட்டினீங்க?"

"நான் தட்டவே இல்லையேடா."

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன்.

கயிறு இன்னும் விறைப்பாக இருந்தது.

மறுமுனையில் யாரோ தொங்கிக்கொண்டிருந்தார்கள். மெதுவாக இறங்கிக்கொண்டும் இருந்தார்கள்.

கயிற்றை உதறிவிட்டு, அத்தானைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கவே இல்லை.

கால் முறிந்ததோடு தப்பினார். நாங்கள் வீடு வந்த மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. அத்தான் படுத்த படுக்கை. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுவார். அடுப்படியில் இருந்து அக்கா பதிலுக்குச் சுவரைத் தட்டிவிட்டு வருவாள். நல்ல ஜோடி என்று நான்கூடக் கேலி செய்தேன்.

நேற்று மத்தியானம் அத்தான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

டக், டக்.

சத்தம் கட்டிலில் இருந்து வரவில்லை. கூரையில் இருந்து வந்தது.

"அக்கா, தட்டாத..." என்று அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

அதற்குள் அடுப்படிச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. "இதோ வந்துட்டேங்க" என்றாள் அக்கா.

பழவாசனை அறையை நிறைத்தது. குழந்தையின் நெற்றியில் வெள்ளையாக ஒரு சொட்டு விழுந்தது.

துடைத்தேன். பிசுக்கென்று விரலில் ஒட்டிக்கொண்டது.