நிலவறையில் பதிந்தவன்

ஈராக்கில், மொசூலின் பழைய நகரத்தில் இருந்த கவ்லாவின் வீட்டுக்கு நாங்கள் போனபோது நல்ல உச்சிவெயில். குண்டு விழுந்து பாதி சரிந்த வீடு. மறுநாள் இடிக்க வந்துவிடுவார்கள். அதற்குள் சுவர், தூண், படி எல்லாவற்றையும் லேசர் ஸ்கேனரில் பதிந்துவிட்டால், பிறகு வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு யாரும் அதற்குள் நடந்து பார்க்கலாம். நானும் ஷஹ்லாவும் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்காக அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

"நிலவறையையும் எடுத்துடுங்க, நஷ்வான் தம்பி," என்று சாவியை நீட்டினாள் கவ்லா. "சண்டை நேரத்துல என் தம்பி கஸ்வான் அங்கதான் போய் ஒளிஞ்சான். அப்புறம் அவன் உடம்புகூடக் கிடைக்கல."

அவள் வாசலைத் தாண்டி உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

கீழே ஈரச் சுவரின் வாடை. அதோடு பல நாள் யாரோ அடைந்து கிடந்த அறையின் புழுங்கிய நாற்றம். ஆள் நின்றால் ஆளும் பதிவாகிவிடும் என்பதால், முக்காலியில் கருவியைச் சுழலவிட்டு மேலே ஏறி வந்தோம்.

நான்கு நிமிடம். கருவியின் ரீங்காரம்.

நடுவில் ஓர் இருமல்.

"நீயா இருமின?" என்றேன்.

"நான் உன் பக்கத்துலதானே நிக்கிறேன்," என்றாள் ஷஹ்லா. "பேய்க்குப் பயந்தா இந்த ஊர்ல குடித்தனம் பண்ண முடியுமாடா?"

டேப்லெட்டில் படம் வந்ததும் அவள் சிரிப்பு நின்றது.

மூலையில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இறங்கிப்போய் டார்ச் அடித்தோம். மூலை காலி. கருவியை இடம் மாற்றி, மறுபடி ஓடவிட்டு மேலே வந்தோம். இந்த முறை அவன் படிக்கட்டின் அடியில் நின்றான், முகத்தை மேலே தூக்கியபடி. யாராவது அசைந்தால் உருவம் கலங்கித்தான் பதியும். இவனுக்கோ சட்டைப் பொத்தான்வரை தெளிவாக இருந்தது. நான்கு நிமிடமும் அசையாமல், நாங்கள் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

"அவங்ககிட்ட சொல்லிடலாமா?" ஷஹ்லா கிசுகிசுத்தாள்.

"வேண்டாம். தாங்க மாட்டாங்க."

அன்று மாலையே, கணினியில் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தேன். முகத்தைக் கடைசியாக.

இரண்டு மாதம் கழித்து, அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலையில், கவ்லாவை அழைத்தோம். காலியான கூடத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெல்ல நடந்தாள். முற்றத்துத் தூணை வருடுவதுபோல் காற்றில் கையை ஓட்டினாள். பிறகு இல்லாத படிகளில் இறங்கினாள்.

நின்றாள்.

"கஸ்வான்?"

அவள் பார்ப்பதைக் காட்டும் திரையில் நான் பார்த்தேன். நிலவறை காலியாகத்தான் இருந்தது. அந்தப் பதிவில் ஒலியே கிடையாது.

"சண்டை முடிஞ்சு போச்சுடா. வா, மேல போலாம்," என்று கையை நீட்டினாள். விரல்கள் எதையோ இறுகப் பற்றி மூடின. தலை சாய்த்து எதற்கோ காதுகொடுத்தாள். பிறகு, கண்ணாடியைக் கழற்றாமலே, நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினாள்.

"தம்பி, தன்னை எதுக்கு அழிச்சீங்கன்னு கேக்கறான்."

நாங்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஷஹ்லா தரையைக் கைகாட்டினாள். துடைத்துப் பளபளத்த கறுப்புத் தரையில், கவ்லாவின் அருகிலிருந்து புறப்பட்டிருந்தன வெறுங்கால் தடங்கள், இடிந்த வீட்டின் வெள்ளைத் தூசியில்.

வாசல் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.

எல்லாம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தன.