கடைவாய்ப் பல்லில் இடமில்லை

நிலவூரில் பொழுது விடிவதில்லை; விளக்குப் போடுவார்கள். விளக்கு எரிந்ததும் ஏழாம் குவிமாடத்துக் குடித்தனக்காரர்கள் பல் துலக்க எழுவார்கள். துலக்க ஆரம்பித்ததும் பல் பேச ஆரம்பிக்கும்.

பேசுவது இடது கடைவாய்ப் பல். அதற்குள் அரிசிமணி அளவில் ஒரு மடற்சில்லைப் பதித்திருப்பார்கள். வருகிற மடல்களை அது தாடை எலும்பு வழியாக நேரே காதுக்குள் வாசிக்கும். கையில் கருவி வேண்டாம், கண்ணுக்கும் வேலையில்லை. ஒரே ஒரு சிக்கல்: மடலைக் கடைசிவரை கேட்டால்தான் அது அழியும். பாதியில் நிறுத்தினால் 'பிறகு கேட்பார்' என்று பல்லிலேயே தங்கிவிடும். பல்லோ சின்னது. நிறைந்துவிட்டால் புதிதாக வருவது, அனுப்பியவர் யாராக இருந்தாலும், திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனதைத் தபால் நிலையம் மறக்காமல் தெரிவிக்கும். அதையும் அதே பல்லுக்குத்தான் அனுப்பும்.

வைரவனின் பல் நிறைந்து மாதக்கணக்காகிறது.

காற்றுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி மாற்றுகிற உத்தியோகம் அவருக்கு. வருகிற மடல்களைப் பார்த்தால் மட்டும் அவரைக் கேட்காமல் அண்டத்தில் ஒன்றும் அசையாது என்று தோன்றும். பூமியில் இருந்த காலத்தில் ஒரு தலையணை வாங்கினார். அந்தக் கடை இன்றுவரை மெத்தைத் தள்ளுபடி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒரு குடைக்கடை, மழைக்குத் தயாரா என்று நிலவில் இருப்பவரைக் கேட்கிறது. முதுகுவலி மடல் ஒன்று வாரம் தவறுவதில்லை. நிலவில் ஆளின் எடையே ஆறில் ஒரு பங்கு, முதுகுக்கு வலிக்கக்கூட வேலை கிடையாது.

இதற்கெல்லாம் அவர் கோபப்பட்டதில்லை. அவருடைய கவலை, வராத ஒரு மடலைப் பற்றியது. மகள் தேனம்மை செவ்வாய்க்கு அப்பால் ஒரு சிறுகோளில் பனிச்சுரங்கப் பொறியாளர். மாதம் ஒருமுறை கடந்து போகும் தபால் ஓடம்தான் அங்கே மடல்களைக் கொண்டுபோகும், கொண்டுவரும். மூன்று ஓடங்கள் வந்துவிட்டன. தேனம்மையின் குரல் வரவில்லை.

"எழுதித்தான் இருப்பா. பல்லுல எடமில்லாம திரும்பியிருக்கும்," என்றார் வைரவன்.

"அப்ப எடம் பண்ணுங்க," என்றாள் உமையாள். அவருடைய மனைவி. ஐந்து வருடத்துக்கு முன் ஊறுகாய் மடல் ஒன்றோடு சண்டை போட்டுத் தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டவள். வீட்டுக்கு ஒரு பல் போதும் என்பது அவள் கட்சி.

வைரவன் மெத்தைக் கடையிலிருந்து தொடங்கினார். 'சந்தாவை நிறுத்து' என்று சொன்னதுமே ஓர் இளம்பெண் குரல் தழுதழுத்தது. "போறீங்களாண்ணே? நாங்க எதுவும் தப்பாப் பேசிட்டமா?"

"சேச்சே, உங்க மேல குத்தமில்லம்மா. எடந்தான் இல்ல."

"அப்ப மெத்தைய மாசத்துக்கு ஒண்ணாக் குறைச்சுக்கறேண்ணே. போர்வை மடல் மட்டும் புதுசாச் சேத்துக்கவா? ரொம்பச் சின்னது."

அழுவது இயந்திரம் என்று வைரவனுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. "சரிம்மா," என்றார்.

உமையாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "மெத்தைய விடப் போன மனுசன் போர்வையோட வந்திருக்கீங்க."

அவளே சுவரைத் தட்டி 'விடைகொடுப்பா'னை அழைத்தாள். இந்த மாதிரி ஆட்களுக்காகவே செய்யப்பட்ட செயலி அது; இரக்கம் பொருத்தப்படாதது. ஒவ்வொரு மடலையும் மூன்று கேள்வி கேட்டு எடைபோடும். தவறாமல் வருகிறதா? சொன்னதையே சொல்கிறதா? சொல்வதில் ஏதாவது பிரயோசனம் உண்டா? பதில் சரியில்லை என்றால் யார் அழுதாலும் வெட்டிவிடும்.

"சரியான கேள்விதான்," என்று வைரவன் தலையாட்டினார். அவர் தலையாட்டி முடிப்பதற்குள் பல் காலியாகிவிட்டது. கல்யாணக் கூட்டம் கலைந்த மண்டபம் போல வாய்க்குள் ஓர் அமைதி. சாப்பிடும்போது தன் சொந்தப் பற்கள் அரைக்கிற சத்தம் கேட்டு அவரே திடுக்கிட்டார்.

அடுத்த ஓடம் வந்தது. சிறுகோளிலிருந்து ஒரே ஒரு மடல். வைரவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

"மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு, 'காலை வணக்கம், சாப்பிட்டியா ஆத்தா' என்ற தங்கள் தினமடலின் சந்தா, வாசகி தேனம்மைக்கு நிறுத்தப்பட்டுள்ளது. காரணங்கள்: தவறாமல் வருகிறது. சொன்னதையே சொல்கிறது. பிரயோசனம் இல்லை. இப்படிக்கு, விடைகொடுப்பான்."

வைரவன் மகளை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார்; அவளுக்கு அவர் 'அப்பச்சி'. தினமும் காலையில் ஒரு பூவின் பெயரோடு அந்த ஒரே கேள்வியை அனுப்பிவந்தார். மாதத்துக்கொரு ஓடம் என்பதால் முப்பது பூக்களும் முப்பது 'சாப்பிட்டியா'க்களும் ஒன்றாகப் போய் இறங்கும். அங்கே ஏதோ ஒரு வேலை நெருக்கடியில் அவளும் பல்லைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறாள். கேட்டால் மட்டும் பதில் சொல்கிற ரகம் தேனம்மை. கேள்வி போனால்தானே.

"தினமுமா கேட்டீங்க?" என்றாள் உமையாள்.

"பின்ன? நீதான் பல்லப் பிடுங்கிட்டியே."

"ஒருநாள் வேற ஏதாவது கேட்டிருக்கலாம்ல?"

"வேற என்னத்தக் கேக்குறது?" என்றார். உமையாளும் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

விடைகொடுப்பானையே கேட்டார்கள். நிறுத்திய சந்தாவை வாசகிதான் திரும்பத் தொடங்க முடியும் என்றது. பக்கத்து வீட்டுக்காரர் பல்லிலிருந்து சொன்னால்? தெரியாத ஆட்களின் மடல்களை வாசகி ஏற்பதில்லை.

"அப்ப ஒரு அப்பன் மகளுக்கு எப்படித்தான் எழுதுறது?"

"அப்பாவாக எழுத வழியில்லை. பதிப்பாளராகப் பதிந்துகொள்ளலாம். புதிய இதழின் முதல் மடலை யாரும் மறிக்க முடியாது, சட்டம். ஆனால் குறைந்தது நூறு சந்தாதாரர்களாவது வேண்டும்."

"நூறு பேர்கிட்ட நான் எப்படிப்பா சம்மதம் வாங்குறது?"

"சம்மதமா?" என்றது விடைகொடுப்பான். "அப்படி ஒரு வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை."

வைரவன் தலையைக் குனிந்துகொண்டு குவிமாடத்து முகவரிகளில் தொண்ணூற்றொன்பதை அள்ளிப் போட்டார். நூறாவதாக மகளைச் சேர்த்தார். வேறு எதுவும் எழுத வராததால் அதே மடலையே அனுப்பினார்.

மறுநாள் பல் துலக்கும் நேரத்தில், முறுக்குமீசை வைத்த வெல்டிங் மேஸ்திரி ஒருவர் தன்னை யாரோ 'ஆத்தா' என்று கூப்பிட்டதைக் கேட்டு பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டார். திட்டு வரும் என்று வைரவன் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வந்தது பதில். "இன்னும் சாப்பிடலைங்க. இங்க வந்ததுலேர்ந்து யாரும் கேட்டதில்ல. நீங்க சாப்டாச்சா?" அடுத்தது ஒரு நர்ஸ். டப்பா உப்புமா பிடிக்கவில்லை என்பதில் ஆரம்பித்து, பூமியில் தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாததில் வந்து நின்றாள். ஒருவர்கூடச் சந்தாவை நிறுத்தவில்லை. வைரவனும் எல்லாருக்கும் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார். அதற்கும் பதில் வந்தது, இன்னும் நீளமாக. ராத்திரிக்கு என்ன என்று சிலர் அவர்களாகவே சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்த ஓடம் வந்த அன்று வைரவன் ஒருவருடைய வயிற்றுவலியைக் கடைசிவரை கேட்டு முடித்தார். அந்த இடம் காலியானதும் தபால் நிலைய அறிவிப்பு ஒன்று உள்ளே நுழைந்தது.

"தேனம்மையிடமிருந்து வந்த மடல், தங்கள் பல்லில் இடமின்மையால் திருப்பி அனுப்பப்பட்டது. நீளம்: நான்கு விநாடி."

அவர் அதை உமையாளிடம் அப்படியே ஒப்பித்தார்.

"'சாப்பிட்டேன் அப்பச்சி'ன்னு சொல்ல ரெண்டு செகண்ட் போதுமே," என்றாள் அவள்.

"மிச்சம் ரெண்டு செகண்டுல என்ன சொல்லியிருப்பா?"

உமையாள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள். மேசை சுத்தமாகத்தான் இருந்தது.

"பல்லைக் காலி செய்யட்டுமா?" என்று சுவரிலிருந்து விடைகொடுப்பான் கேட்டது. "எல்லாம் ஒரே மாதிரி மடல்கள். தவறாமல் வருகின்றன. பிரயோசனம் இல்லை."

"சரின்னு சொல்லுங்க," என்றாள் உமையாள். "அடுத்த ஓடத்துக்காவது எடம் இருக்கட்டும். என்னங்க, உங்களத்தான்."

வைரவன் வாயைத் திறந்தார். அதற்குள் பல்லில் அடுத்த மடல் பேசத் தொடங்கியது; சத்தம் போடாதே என்பதுபோல் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் இரு. இந்தம்மா நேத்துலேர்ந்து சாப்பிடலையாம்."